பட்டா இல்லாத மூன்று தலைமுறை

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு: பகுதி 14

சென்ற பகுதி 1990களோடு நின்றது. ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்கும் சாலைக்கும் விலைபோனதையும், காடும் தோட்டமுமாகக் கிடந்த மேட்டில் புஞ்சாக் ஆலாம் என்ற புதுநகர் எழுந்ததையும் பார்த்தோம். மேலே போகுமுன், இந்த ஒரு பகுதியில் நிகழ்ச்சிகளைச் சற்று ஒதுக்கிவைத்து, அவற்றுக்கு அடியில் கிடக்கும் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே மாவட்டத்தில், ஒரே மண்ணில், ஒரே பயிரை வளர்த்தவர்களில் ஒரு சாரார் நகரம் வந்தபோது நிலத்துக்கு உரியவர்களாக அதை எதிர்கொண்டார்கள். இன்னொரு சாரார் காலிசெய்யும் நோட்டீசோடு எதிர்கொண்டார்கள். ஏன்? குடிப்பழக்கம், படிப்பின்மை, இனம், தலைவர்களின் துரோகம் என்று இதற்கு நம்மிடையே பல விடைகள் உலவுகின்றன. வர்க்க ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த சமூகவியலாளர்களும் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல விடைகளைத் தந்திருக்கிறார்கள். கோலசிலாங்கூர் மாவட்டத்தின் நூறாண்டுச் சான்றுகளை அவற்றோடு ஒட்டிப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: வாங்கிய கூலி எவ்வளவு என்பதைக் காட்டிலும், குடியிருந்த கூரையும் அது நின்ற தரையும் யார் பெயரில் இருந்தன என்பதே நம் மக்களின் நிலையைத் தீர்மானித்தது.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். சிலாங்கூரில் நிலத்தைப் பதிவேட்டில் ஏற்றிப் பட்டா வழங்கும் முறையை ஆங்கிலேயர் 1891இல் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு காடு என்பது அளந்து, எல்லை குறித்து, ஒருவர் பெயரில் எழுதக்கூடிய சொத்தாயிற்று. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றோரத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார். ரப்பர் விலை 1910ஐ ஒட்டி உச்சிக்குப் போனபோது ஐரோப்பிய முதலீடு இந்த ஆற்றங்கரைக்குப் பாய்ந்தது. அவரே 1917இல் தெனமாரம் தோட்டத்தில் நட்ட செம்பனைதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். நிலம் கிடைத்தது, பணம் கிடைத்தது. உழைக்க ஆள்தான் இல்லை. இந்தச் சிக்கலை மார்க்ஸ் 1867இலேயே எழுதியிருக்கிறார். ‘மூலதனம்’ முதல் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் பீல் என்ற ஒரு முதலாளி வருகிறார். அவர் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் பணத்தோடும் மூவாயிரம் தொழிலாளரோடும் போய் இறங்குகிறார். அங்கே நிலம் யாருக்கும் கிடைக்கும் நிலையில் இருந்ததால், படுக்கை விரிக்கக்கூட ஆளில்லாமல் தனித்து நிற்கிறார். கூலிக்காரர் கூலிக்காரராகவே இருக்க வேண்டுமானால் அவருக்கு நிலம் எட்டாமல் இருக்க வேண்டும் என்பது மார்க்ஸ் எடுத்துக்காட்டிய உண்மை.

மலாயாத் தோட்ட முதலாளிகள் பீல் செய்த தவறைச் செய்யவில்லை. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தபின் கங்காணி முறை முழுமூச்சோடு இயங்கியது. கங்காணி தன் ஊருக்கே போய், உறவையும் சாதிக்காரரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாகக் கப்பலேற்றினார். தினமும் வேலைக்கு வரும் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார். வந்து இறங்கியவருக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. வாடகை கிடையாது, அதுதான் கண்ணி. வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் அறையும், ஆயாக் கொட்டகையும், பிள்ளை படித்த தோட்டப் பள்ளியும் ஒரே நாளில் போய்விடும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டத்து மூலையில் காய்கறி போட்டுக்கொள்ளவும் சிறு துண்டு விடப்பட்டது. ஆனால் அந்தப் பள்ளியோ அந்தத் துண்டோ தொழிலாளியின் உரிமை என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது இதன் பொருள் வெட்டவெளிச்சமாயிற்று. ஆணுக்கு 50 காசாக இருந்த நாள்கூலி 40 ஆனது, பெண்ணுக்கு 40ஆக இருந்தது 32 ஆனது. ஓரிரு ஆண்டுகளுக்குள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பல ஆண்டுகள் உழைத்த இடத்தில் தங்கிக்கொள்ள அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் தரை இல்லை.

இதே மாவட்டத்தின் கடலோரப் பக்கம் அதே காலத்தில் வேறொரு கதை நடந்தது. ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்தவர்கள் ஜெராம், தஞ்சோங் காராங் பகுதிகளில் தென்னையும் நெல்லும் போட்டு ஊரானார்கள். அவர்களும் கடல் கடந்து வந்த ஏழைகள்தான். ஆனால் காலனி அரசு அவர்களை மலாய்க்காரர் வரிசையில் வைத்தது. 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைத்தது. 1930களில் தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டமும் வந்தது. அவர்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஏழை விவசாயியாக இருப்பதற்கும் ஏழைக் கூலியாக இருப்பதற்கும் உள்ள தூரம்தான் இங்கே முக்கியம். விலை விழுந்த ஆண்டில் விவசாயி அரைவயிற்றோடு தன் வீட்டில் இருந்தார். கூலி கப்பலில் இருந்தார்.

மார்க்ஸ் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்க முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். ஒய்.கே. மேனனும் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பெயரால் முன்வைத்தது அது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்பது அதில் இருந்தது. கூடவே, துரையின் முன்னாலும் கிராணியின் முன்னாலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவையும் இருந்தன. மாக்ஸ் வேபர் வர்க்கத்தையும் மதிப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது எதற்கென்று இந்தச் சைக்கிள் கோரிக்கை ஒன்றே விளக்கிவிடும். சைக்கிள் வாங்கக் காசு சேர்ந்துவிட்ட தொழிலாளிக்கும் அதில் அமர்ந்துபோகும் தகுதி மறுக்கப்பட்டது. கூலி வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள 1972இல் எட்னா பொனாசிச் எழுதிய கட்டுரை உதவும். ஒரே வேலைக்கு இரண்டு இனத்தாருக்கு இரண்டு விலை இருக்கும் சந்தையில், முதலாளி மலிவானவரைக் காட்டி மற்றவரை மிரட்ட முடிகிறது. தொழிலாளரின் கோபம் ஒருவர்மேல் ஒருவர் திரும்புகிறது என்பது அவர் வாதம். ஈஜோக்கிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1937இல் சீனத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தைத் தோட்டத் தமிழர் அறியாமல் இருந்திருக்க முடியாது. சமகூலி கேட்டதன் மூலம் அவர்கள் அந்த இரட்டை விலையையே தாக்கினார்கள். அரசு இராணுவத்தை இறக்கியது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். இத்தனை துணிச்சலான அந்தப் பட்டியலிலும் நிலம் கேட்ட வரி இல்லை. மலாயா வாழ வந்த இடம், ஆள வந்த இடமல்ல என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊன்றப்பட்டிருந்தது என்று நினைக்கிறேன்.

சமூக ஏற்றத்தாழ்வுக்குச் சாதகமாகப் பேசும் கோட்பாடும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945இல் எழுதினார்கள்: சமூகத்துக்கு முக்கியமான, பயிற்சி அதிகம் தேவைப்படும் வேலைகளுக்குக் கூடுதல் வெகுமதி கொடுத்தால்தான் திறமையானவர்கள் அங்கே வருவார்கள், ஆகவே ஏற்றத்தாழ்வு தேவையானது. எட்டாண்டு கழித்து மெல்வின் டியூமின் இதை மறுத்தார். பயிற்சி பெறும் வாய்ப்பே பிறப்பால் பங்கிடப்பட்டிருக்கும்போது யார் திறமையானவர் என்று எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. கோலசிலாங்கூருக்கு வந்தால் அந்த மறுப்புக்கு இன்னும் வலுவான சான்று கிடைக்கிறது. நிலமில்லாதவரைக் குடியமர்த்த அரசு 1956இல் தொடங்கிய ஃபெல்டா திட்டம் புஞ்சாக் ஆலாமுக்கு அருகே புக்கிட் செராக்காவிலும் ஒரு குடியேற்றத்தை அமைத்தது. ஃபெல்டாக் குடும்பங்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். பொதுவாகக் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் அளவில் நிலம் கிடைக்கும். கடனை அடைத்தபின் பட்டா வரும். அவர்கள் செய்த வேலையும் வேலிக்கு அப்பால் தோட்டத் தமிழர் செய்த வேலையும் ஒன்றே: களை எடுப்பது, உரம் போடுவது, பால் வெட்டுவது, குலை தள்ளுவது. சமூகத்துக்கு ஒரே அளவு முக்கியமான வேலை, ஒரே அளவு பயிற்சி. 1990களில் வீடமைப்பு நிறுவனங்கள் வந்தபோது ஃபெல்டாக் குடும்பங்கள் நில உரிமையாளர்களாகப் பேரம் பேசின. ஒப்பந்தம் சிக்கலானபோது அதே உரிமையோடு நீதிமன்றப் படியேறின. அவர்களும் அந்த ஒப்பந்தத்தால் அல்லல்பட்டவர்கள்தான். ஆனால் வழக்குத் தொடுக்க ஒரு பட்டா இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இருந்ததெல்லாம் 1980ஆம் ஆண்டு வேலைநீக்க விதிகள். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று அவை சொல்கின்றன. முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம், அதாவது இரண்டு ஆண்டுக்கும் குறைவான கூலி. ஏக்கர் கணக்கில் இருந்த நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபோனதில் கிடைத்த ஆதாயத்தில் ஒரு காசுக்கும் அவருக்கு உரிமை இல்லை. ஃபெல்டாக்காரருக்குக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஏழைக்கு நிலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடே செய்து காட்டியிருக்கிறது என்கிறேன்.

இங்கே எழும் முதல் மறுப்பை நம்மவர்களே அடிக்கடி சொல்கிறார்கள்: குடித்தே அழிந்தார்கள், சேமிக்கத் தெரியாதவர்கள், நிலம் கொடுத்திருந்தாலும் விற்றுத் தின்றிருப்பார்கள். ஆஸ்கார் லூயிஸ் 1959இலிருந்து எழுதிவந்த ‘வறுமைப் பண்பாடு’ என்ற கருத்தின் உள்ளூர் வடிவம் இது. ஏழைகளின் பழக்கவழக்கமே வறுமையைத் தலைமுறைக்குக் கடத்துகிறது என்பது அதன் சாரம். கள் குடும்பங்களைக் கெடுத்தது என்பதை நான் மறுக்கவில்லை; அடிபட்ட பெண்களுக்கும் பசித்த பிள்ளைகளுக்கும் அது கோட்பாடு அல்ல. ஆனால் கள்ளுக்கடை தோட்டத்துக்குள் உரிமத்தோடு நடந்தது, அதை மூடச் சொன்னவர்கள் 1941இன் தொழிலாளர்கள். சேமிப்பைப் பற்றிச் சொல்வதென்றால், 1950களின் இறுதியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்குக்கு மாதம் பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் இதே பால்வெட்டுத் தொழிலாளர்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வாய்ப்பு வந்த இடத்தில் அவர்கள் சேமித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? சைட் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிப் பூர்வகுடி என்னும் கட்டுக்கதை’ ஆய்வில், தமக்கு வேண்டிய வேலைக்கு வராத மலாய்க்காரரைக் காலனி முதலாளிகள் சோம்பேறி என்று முத்திரை குத்தியதைக் காட்டினார். வேலைக்கு வந்த தமிழருக்கு அடக்கமானவன், மந்தபுத்திக்காரன் என்று வேறு முத்திரை கிடைத்தது. இரண்டு முத்திரையையும் குத்தியவர் ஒருவரே. கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு குறை இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தொழிலாளி பங்குதாரர் ஆனார். ஆனால் அவர் குடியிருந்த லயத்து அறை அவர் பெயருக்கு வரவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. இது வர்க்கப் பிரச்சினையே அல்ல, இனப் பிரச்சினை. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைதான் நம்மைப் பின்னுக்குத் தள்ளியது என்பது. அந்தக் கொள்கையின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் மலாய்க் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 172 வெள்ளி, இந்தியக் குடும்பத்துக்கு 304, சீனக் குடும்பத்துக்கு 394. இதைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் இந்தியர் பரவாயில்லை என்றுதான் தோன்றும். அந்த 304க்குள் கோலாலம்பூர் வழக்கறிஞரும் பங்சார் மருத்துவரும் தெனமாரம் பால்வெட்டுக்காரரும் ஒன்றாகக் கலந்திருந்தார்கள். தோட்டத்தில் புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த பிள்ளை என எல்லாரும் பிரட்டுக்குப் போனதால்தான் ஒரு குடும்ப வருமானம் தேறியது. வருமானம் என்பது சொத்தைக் காட்டாது என்பதும் அந்தக் கணக்கில் மறைந்துபோயிற்று. கிராமப்புற வறுமை ஒழிப்புத் திட்டங்கள் வந்தபோது தோட்டம் தனியார் நிலம் என்று விலக்கப்பட்டது. இனவாரியாகச் சராசரி எடுத்ததால் தோட்டத் தமிழரின் வர்க்க நிலை கண்ணுக்குத் தெரியாமல் போனது என்பதே சரி. அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைத் தோட்டத்தின் உரிமை கைமாறிய வரலாறு திருத்துகிறது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்தில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி மலேசியருக்குச் சொந்தமாயிற்று. அதை நடத்தியவர் அன்று தேசிய முதலீட்டுக் கழகத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த காலிட் இப்ராகிம். வெள்ளைக்காரர் போய் நம் நாட்டவர் முதலாளி ஆனார். அந்த வகையில் அது பெருமைக்குரிய நாள்தான். லயத்தில் குடியிருந்தவரின் சட்ட நிலை மறுநாளும் அப்படியே இருந்தது. முதலாளியின் இனம் மாறியும் தொழிலாளியின் நிலை மாறவில்லை என்றால், இனம் மட்டும் விளக்கமாக முடியாது. அதே காலிட் 2007இல் ஈஜோக் இடைத்தேர்தலில் தோற்று, 2008இல் அங்கேயே வென்று மந்திரி பெசாரானார். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பூமிபுத்ரா அல்லாதவருக்குப் பத்து விழுக்காடு இடம் தரலாம் என்று அவ்வாண்டே சொன்னவரும் அவர்தான். எதிர்ப்பு கிளம்பியது, யோசனை அடங்கிப்போனது. இன்று புஞ்சாக் ஆலாமில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே மாணவராக நுழைய முடியாது. இந்த இடத்தில் இனத்தின் பங்கை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. சொத்தில்லாமல் வந்தவருக்குக் கல்விக் கதவும் ஒன்று அடைபடும்போது இரண்டு தடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

இந்தியருக்குள்ளேயே முன்னேறியவர்கள் இல்லையா என்றும் கேட்கலாம். இருந்தார்கள். கிராணி நாற்காலியில் அமர்ந்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும், வட்டிக்கடை வைத்த செட்டியார்களும் நகரத்தில் வீடும் நிலமும் வாங்கினார்கள். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ சொன்ன பண்பாட்டு மூலதனம் அவர்களிடம் இருந்தது. பள்ளி எந்த மொழியை, எந்த நடையை மதித்ததோ அதை வீட்டிலேயே கற்றார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் போகும் பள்ளியே நகரத்தில்தான் இருந்தது. ஒரே இனத்துக்குள் இந்தப் பிளவு இருந்தது என்பதே வர்க்க விளக்கத்துக்குச் சான்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடருக்குத் தனி லயம், தனிப் பந்தி என்ற ஏற்பாட்டை வெள்ளைக்காரத் துரை கண்டுபிடிக்கவில்லை. நாம் கப்பலில் கொண்டுவந்தோம். கங்காணியின் அதிகாரம் பல இடங்களில் சாதியின் அதிகாரமாகவும் இருந்தது. வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஊரிலேயே நிலம் மறுக்கப்பட்டவர்கள். நிலமின்மை மலாயாவில் தொடங்கவில்லை, இங்கே அது தொடர்ந்தது.

தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற பேச்சு அரசாங்கத்தில் 1970களிலேயே எழுந்தது. முதலாளிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் பெரும்பாலான தோட்டங்களில் அது பேச்சாகவே முடிந்தது. மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் 1990களில் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் போராடின. இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தையில் 245 குடும்பங்களுக்கு வீட்டுத் திட்டம் 2023இல்தான் அறிவிக்கப்பட்டது. கேட்டவர்களில் பலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். சட்டம் வேலைநீக்கப் பணத்தோடு நின்றுவிடாமல், தோட்டம் கைமாறும்போது அங்கே தலைமுறையாகக் குடியிருந்தவருக்கு வீட்டுமனையைக் கட்டாயமாக்கியிருந்தால் இந்தக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டிருக்காது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வாசகர்கள் இன்றும் கேட்கவேண்டிய கேள்வி அது. இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வேலைநீக்கக் கடிதம், சம்பளச் சிட்டை, கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ், லயத்தைக் காலிசெய்யச் சொன்ன நோட்டீஸ் என்று தாத்தா பாட்டியின் தகரப் பெட்டியில் கிடக்கும் எந்தத் தாளையும் எறிந்துவிடாதீர்கள். படியெடுத்து, ஒரு பிரதியை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியிலோ கோயில் அலுவலகத்திலோ கொடுத்துவையுங்கள். நிலப் பதிவேட்டில் பெயர் ஏறாத மக்களின் வரலாற்றை எழுத அந்தத் தாள்களே மூலம்.